'ரைட்' என்றால் வலமா, சரியா, உரிமையா?

மகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும்தான். கூடவரும் சொல் பொருளைக் காட்டிவிடும்.

'டர்ன் ரைட்' என்றால் வலப்பக்கம் திரும்பு. 'யூ ஆர் ரைட்' என்றால் நீ சொல்வது சரி. 'ரைட் நவ்' என்பதில் திசையே கிடையாது, இந்த நொடியே என்று பொருள். தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் நகரில் 'ஜஸ்ட் நவ்' என்றால் கொஞ்சம் கழித்து என்றாகிவிடும், அதனால் அவசரத்துக்கு 'ரைட் நவ்' என்றே சொல்லட்டும்.

பெயர்ச்சொல்லாக, 'ரைட்ஸ்' என்று வந்தால் பெரும்பாலும் உரிமைகள். இதை நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பில் இரண்டாம் அத்தியாயமே 'பில் ஆஃப் ரைட்ஸ்', அதாவது உரிமைகளின் சாசனம். அதில் 30ஆம் பிரிவு, விரும்பிய மொழியைப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. அதற்கு முன்பே 6ஆம் பிரிவு, மதித்துப் பேணவேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. 1860இல் இந்தியாவிலிருந்து இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்த பிள்ளை அல்லவா, அந்த வரியை அவளே வாசிக்கட்டும்.