படம் வாங்கியவரின் விலாசம் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நீர்வண்ணப் படங்கள் வரைகிறேன். எல்லவில் ஒரு கடையிலும், ஏப்ரல் சீசனில் நுவரெலியாவிலும் விற்கிறேன். விருப்பமாக வாங்குகிறார்கள், அதோடு சரி. புதுப்படம் வரைந்தால் அவர்களுக்கு எப்படித் தெரியப்படுத்துவது? பேஸ்புக்கில் போட்டால் போதாதா?
– வாசகி, அப்புத்தளை

பதில்: போதாது தங்கச்சி. அங்கே நீங்கள் போடுவது யார் கண்ணில் படவேண்டும் என்பது உங்கள் கையில் இல்லை. கணக்கு முடங்கினால் அத்தனை பேரும் போய்விடுவார்கள். காசு கொடுத்து உங்கள் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனவரின் பெயரும் மின்னஞ்சலும் உங்களிடமே இருக்கவேண்டும்.

நான் அதைக் கேட்பது படத்தைச் சுற்றிக் கட்டும்போது. வாங்கியவர் சந்தோஷமாக நிற்கும் நேரம் அது. "புதுப்படம் வரைந்தால் எழுதட்டுமா? இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான்" என்பேன். சரி என்றால் மட்டும் கொப்பியை நீட்டுவேன். அவர் எழுதியதை அவர் முன்னாலேயே எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டுங்கள். பூச்சியமா, 'ஓ'வா என்று வீட்டுக்கு வந்து முழிக்கக்கூடாது. பக்கத்திலேயே எந்த ஊர், எந்தப் படம், யாருக்கு என்று குறியுங்கள். "ஒன்பது வளைவுப் பாலம், அம்மாவுக்குப் பரிசு" என்ற ஒரு வரி அடுத்த வருடம் கடிதம் எழுதக் கைகொடுக்கும். அன்றிரவே கூகுள் ஷீட்டில் ஏற்றிவிடுங்கள், நம் ஊர் மழையில் கொப்பியை நம்ப முடியாது.

கடையில் வாங்குகிறவரின் விபரம் உங்களுக்குக் கிடைக்காது. அதனால் படத்தின் பின்மட்டையில் உங்கள் பெயர், வரைந்த இடம், மின்னஞ்சல் எழுதி ஒட்டுங்கள். முதலாளியிடம் சொல்லிவிட்டே ஒட்டுங்கள். அந்த வழியாக வந்தவர் உங்களிடம் மறுபடி வாங்கினால் முதலாளிக்கும் ஒரு பங்கு கொடுப்பதுதான் நியாயம்.

ஒரு கடிதத்துக்கு ஒரு படம் போதும். கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிட்ட மலையை வரைந்தீர்களா? பச்சையாக இருந்த மலை ஏன் மொட்டைக் கிளையாக நிற்கிறது, மறுபடி எப்போது கொழுந்து எடுக்கலாம் என்று நாலு வரி எழுதுங்கள். எல்லவில் இரண்டு நாள் தங்கிப் போனவருக்கு அதெல்லாம் தெரியாது, ஆசையாக வாசிப்பார். கீழே அளவு, விலை, குழாயில் சுருட்டித் தபாலில் அனுப்பும் செலவு.

அனுப்பும்போது மின்னஞ்சல் விலாசங்களை எல்லாம் 'பிசிசி' (Bcc) என்ற கட்டத்தில் போடுங்கள், ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. மேலே உள்ள 'டு' (To) கட்டத்தில் போட்டால் ஒருவருடைய விலாசம் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும்; நம்பித் தந்தவருக்கு நாம் அதைச் செய்யக்கூடாது. இனி வேண்டாம் என்று யாராவது எழுதினால் அன்றே பெயரை எடுத்துவிடுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் இங்கேயும் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மரியாதை அதுதான்.

கேள்வி: என்னிடம் வாங்குகிற கண்டி, கொழும்பு ஆட்கள் மின்னஞ்சலே பார்ப்பதில்லை. வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்கலாமா?
– வாசகர், அட்டன்

பதில்: குழு வேண்டாம் தம்பி. எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பிலேயே பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள்; ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் செய்தி போகும். ஆகவே படத்தைக் கையில் கொடுக்கும்போதே சேமிக்கச் சொல்லுங்கள். கொழும்பு ஆட்களுக்குத் தனி லிஸ்ட் வையுங்கள். 1993இல் தொடங்கிய கொழும்பு 'கலா பொல' ஓவியச் சந்தைக்கு நீங்கள் படம் விற்கப் போகிறவர் என்றால், அதற்கு முந்திய வாரமே அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். சந்தையன்று காலை படங்களை மாட்டி முடித்ததும், எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று ஒரு போட்டோவும் அனுப்புங்கள்.