தையல் மெஷினைத் திறக்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. ஒட்டுசுட்டானில் அம்மாவோடும் அண்ணன் குடும்பத்தோடும் இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நித்திரையின்றி, காதில் குரல்கள் கேட்டு, வைத்தியசாலையில் இருந்தேன். இப்போது சுகம். ஆனால் அண்ணன் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டார். "உனக்கு ஏன் கஷ்டம்?" என்கிறார். குளிசையை நிறுத்தினால்தான் என்னைச் சுகமானவளாக நம்புவார்களா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தியவுடன் பலருக்கு ஒன்றும் தெரியாது, உடம்பு இலேசாகக்கூடத் தோன்றலாம். பல வாரங்களோ மாதங்களோ கழித்து நோய் திரும்பும்போது, அது நோய்தான் என்று உங்களுக்கே விளங்காமல் போகலாம். நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் ஆசிரியர் தினமும் பாடசாலைக்குப் போகிறார். அவரை யாரும் வீட்டில் இருத்தி வைப்பதில்லை.

மருந்தால் கை நடுங்கினால், பகலில் கண் செருகினால், உடம்பு பெருத்தால் கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். ஊசியில் நூல் கோக்க உங்களால் முடிகிறதா என்பது நீங்கள் சொல்லாமல் டாக்டருக்குத் தெரியாது. "நான் தைக்க வேண்டும், அதற்கேற்ற மாதிரி மருந்தைப் பாருங்கள்" என்று கேளுங்கள். அளவையோ எடுக்கும் நேரத்தையோ மாற்ற அவர்களுக்கு வழி இருக்கிறது.

அண்ணன்மேல் உங்களுக்குக் கோபம் இருந்தால் அது நியாயம்தான். ஆனாலும் 2009இல் எத்தனை உயிர்களைப் பறிகொடுத்தோம்! மிஞ்சியவர்களைப் பொத்திப் பொத்தி வைப்பது வன்னி வீடுகளில் பழகிப்போய்விட்டது. சும்மா இருந்தால் சுகம் நிலைக்கும் என்று அவர் நினைக்கிறார். அது பிழை. பகலெல்லாம் படுத்திருப்பவருக்கு இரவில் நித்திரை வராது, நித்திரை கெட்டால் நோய் கிளறும். அடுத்த கிளினிக் நாளில் முல்லைத்தீவு பஸ்ஸில் அவரையும் கூட்டிச் செல்லுங்கள். நீங்கள் வேலை செய்யலாம் என்பதை டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும். திரும்பி வந்ததும், நோய் தலைதூக்கினால் முதலில் என்னென்ன தெரியும் என்று இருவரும் சேர்ந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்: இரண்டு இரவு நித்திரையின்மை, சாப்பாடு வெறுப்பு, அயலார் ஏதோ பேசுகிறார்கள் என்ற சந்தேகம். எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துவிட்டால், மற்ற நாட்களில் அவர் உங்களைச் சும்மா விடுவார்.

மெஷினைத் திறங்கள். முதலில் வீட்டுத் துணிகள், கிழிசல்கள், ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் போதும். அரசு கொடுக்கும் பாடசாலைச் சீருடைத் துணியைத் தைத்துத் தர ஆள் தேடும் தாய்மார் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். இரண்டு பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், தவணை தொடங்க நிறைய நாள் இருக்கும்போதே. நுண்கடன் மட்டும் வேண்டவே வேண்டாம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் வசூல்காரர் நல்ல மனத்தையே கலக்கிவிடுவார்.

எப்போதாவது மீண்டும் குரல் கேட்டால் எல்லாம் போய்விட்டது என்று எண்ணாதீர்கள். அண்ணனிடம் சொல்லுங்கள், கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். அவசரமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். முழுதாகச் சுகமான பிறகே வாழத் தொடங்குவேன் என்று இருந்துவிடாதீர்கள், தங்கச்சி. தைக்கத் தெரிந்த கை உங்களுடையது. எந்தத் துணியில் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.