பேரிக்காய்: எந்த வேர்ச்செடி, எந்த வடிவம்? கேள்வி பதில்

கேள்வி: இடம் குறைவு. குயின்ஸ் (பேரிக்கு உறவான பழமரம்) வேர்ச்செடியில், அதாவது வேரைத் தரும் அடிச்செடியில், ஒட்டிய பேரிக் கன்று வாங்கலாமா?

பதில்: மண் ஒத்துக்கொண்டால் தாராளமாக வாங்கலாம். குயின்ஸ் ஏ-யில் மரம் 3 முதல் 4 மீட்டரில் நிற்கும், குயின்ஸ் சி இன்னும் குட்டை. நட்ட 3, 4 வருடத்தில் காய் பார்க்கலாம். பேரி விதையில் வளர்ந்த வேர்ச்செடி என்றால் மரம் 6 மீட்டரையும் தாண்டும், காய்ப்பும் பல வருடம் தள்ளிப்போகும். ஆனால் சுண்ணாம்பு மண்ணில் குயின்ஸ் வேருக்கு இரும்புச்சத்தை எடுக்க வராது. நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இலை முழுக்க வெளிறிவிடும். வேரும் மேலாகவே ஓடுவதால் வறட்சி தாங்காது, கடைசிவரை முட்டுக்கம்பு வேண்டும்.

கேள்வி: குயின்ஸில் ஒட்டிய வில்லியம்ஸ் ரகப் பேரி மரம் நன்றாகத்தான் வளர்ந்தது. காற்றில் ஒட்டுப் பகுதியிலேயே முறிந்துவிட்டது. பராமரிப்பில் குறையா சார்?

பதில்: முறிந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். நார் பிய்ந்து சிம்பு சிம்பாக இருந்தால் காற்றின் வேலை. ரம்பத்தால் அறுத்ததுபோல் வழவழப்பாக இருந்தால் உங்கள் மேல் குறையே இல்லை. வில்லியம்ஸும் குயின்ஸும் ஒட்டாத ஜோடி. பட்டை சேர்ந்ததுபோல் தெரியும், உள்ளே கட்டை சேர்ந்திருக்காது. சில வருடம் ஏமாற்றிவிட்டுத்தான் முறியும். பாஸ்க் ரகத்துக்கும் இதே கதை. நடுவில் இரண்டோடும் ஒத்துப்போகும் பெர்ரே ஹார்டி அல்லது ஓல்ட் ஹோம் பேரி ரகத்தின் தண்டை வைத்து இரட்டை ஒட்டுக் கட்டிய கன்றாகக் கேட்டு வாங்குங்கள். நர்சரிக்காரர் ‘அதெல்லாம் தேவையில்லை’ என்றால் வேறு நர்சரி பாருங்கள்.

கேள்வி: ஓஎச்எஃப் 87, 97 என்று வேர்ச்செடிகள் சொல்கிறார்களே, அவை எப்படி?

பதில்: ஓல்ட் ஹோம், ஃபார்மிங்டேல் என்ற இரண்டு பேரி ரகங்களின் சேர்க்கை என்ற பெயரில் வந்தவை; மரபணுச் சோதனையில் தந்தை ஃபார்மிங்டேல் அல்ல, வில்லியம்ஸ் என்று தெரிந்தது. பேரி மேல் பேரி என்பதால் ஒட்டுத் தகராறு அநேகமாக இல்லை. 87 நடுத்தர உயரம், சீக்கிரம் காய்க்கும். 97 கிட்டத்தட்ட முழு மரம். இரண்டுமே தீக்கருகல் நோயையும் (பாக்டீரியாவால் கிளை தீயில் கருகியதுபோல் காயும் நோய்) தாங்கும். ஆனால் தாங்குவது வேர்தான், மேலே ஒட்டிய ரகத்துக்கு அந்தக் குணம் ஏறாது. விளம்பரங்களில் இதைச் சொல்வதே இல்லை.

கேள்வி: ஆசியப் பேரி வைக்கப்போகிறேன். நிலத்தில் சில நாள் தண்ணீர் தேங்கும்.

பதில்: பெட்டுலிஃபோலியா என்ற காட்டுப் பேரி வேர்ச்செடி. ஈரமும் வறட்சியும் தாங்கும். மரம் பெரிதாகும், அதற்கு இடம் விடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு குளிர்காலமும் கவாத்து செய்கிறேன். கிளைகள் கம்பு கம்பாக மேலே போகின்றனவே தவிர, பூவே இல்லை.

பதில்: வெட்டுவதால்தான் போகின்றன! பேரிக்கு இயல்பே நெட்டுக்குத்தாக வளர்வது. குளிர்காலத்தில் பலமாக வெட்டினால் அத்தனை வேகமும் மிச்சமுள்ள மொட்டுகளில் பாயும். கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கயிற்றை எடுங்கள். தளிர் விரல் நீளம் இருக்கும்போதே, அதற்கு மேலே தண்டில் துணி கிளிப் ஒன்றை மாட்டினால் அது தளிரைப் பக்கவாட்டில் தள்ளும். வளர்ந்த கிளையைக் கோடைத் தொடக்கத்தில் மெதுவாக வளைத்து, நேர்நிலையிலிருந்து 60 டிகிரி அளவுக்குச் சாய்த்துக் கட்டுங்கள். முழுக்கப் படுக்கவைத்தால் முதுகில் வரிசையாக நீர்த்தளிர் (நெட்டுக்குத்தாகப் பாயும், காய்க்காத தளிர்) கிளம்பும். சாய்த்த கிளையில் வேகம் தணிந்து, பெரும்பாலும் இரண்டாம் வருடக் கட்டையிலும் அதற்கு மூத்ததிலும் பூமொட்டு கட்டும்.

கேள்வி: சுவரோரம் கம்பியில் படர்த்துவதா, நடுத்தண்டு மரமாக விடுவதா?

பதில்: படர்த்துவதற்குக் குயின்ஸ்தான் சரி. விதை வேர்ச்செடியைக் கம்பியில் அடக்க நினைத்தால் ஆயுள் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டும். தீக்கருகல் வரும் இடத்தில் ஒற்றை நடுத்தண்டை நான் விரும்புவதில்லை. தண்டில் நோய் இறங்கினால் மரமே போச்சு. இரண்டு, மூன்று தண்டு விட்டிருந்தால் ஒன்றை வெட்டி எறிந்து மற்றதைக் காப்பாற்றலாம்.

கேள்வி: குயின்ஸ் கன்று நட்டேன். குட்டையாக இருக்கும் என்றார்கள், இது அடங்காமல் வளர்கிறதே?

பதில்: ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் போயிருக்கும். ஒட்டுக்கு மேலே பேரியே சொந்தமாக வேர் விட்டிருக்கும், அப்புறம் குயின்ஸின் அடக்கம் எங்கே வரும்? அடியில் மண்ணை விலக்கி அந்த வேர்களை அறுத்துவிடுங்கள். ஒட்டு தரைக்கு மேல் நாலு விரலாவது தெரியட்டும்.