வொலங்காங் கூடைப்பந்து உள்ளரங்கத்தின் வரலாறு என்ன?

சிட்னிக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் வொலங்காங், நிலக்கரியும் எஃகும் வளர்த்த கடலோர நகரம். அந்த ஊரின் இல்லவாரா ஹாக்ஸ் அணி, ஆஸ்திரேலியத் தேசியக் கூடைப்பந்து லீக் 1979-ல் தொடங்கியபோதே சேர்ந்தது. அன்றிலிருந்து ஒரு சீசனைக்கூட விடாமல் ஆடிவரும் ஒரே அணி இதுதான்.

அரங்கத்தின் கதை பீட்டன் பார்க்கிலிருந்து தொடங்குகிறது. சின்ன அரங்கம், பார்வையாளர்கள் ஆடுகளத்தை ஒட்டியே உட்காருவார்கள். அந்த அரங்கத்துக்கு 'பாம்புக் குழி' என்று பட்டப்பெயர். எனக்கு இந்தக் காலம்தான் வரலாற்றின் உயிர்நாடியாகத் தெரிகிறது.

1998-ல் கடற்கரைக்குப் பக்கத்திலேயே பெரிய அரங்கம் திறந்தார்கள். வின் என்டர்டெயின்மென்ட் சென்டர் என்ற பெயரில் அறியப்பட்டது. கச்சேரிகளும் அங்கே நடக்கும். சுமார் 6,000 பேர் உட்காரலாம். ஹாக்ஸும் அங்கே குடிபெயர்ந்தது. 2001-ல் டவுன்ஸ்வில் அணியை வென்று முதல் கோப்பை. அப்புறம் 24 வருடக் காத்திருப்பு! 2025 மார்ச்சில் மெல்போர்ன் யுனைடெட்டை ஐந்தாவது ஆட்டத்தில் வீழ்த்தி, இரண்டாவது கோப்பையைச் சொந்த அரங்கத்திலேயே தூக்கினார்கள்.

இடையில் 2019-20 சீசனில் அமெரிக்க வீரர் லமெலோ பாலும் ஹாக்ஸ் அணிக்காக இங்கே ஆடினார். அமெரிக்காவின் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் அணிகள் புது வீரர்களை எடுக்கும் 2020 தேர்வில் அவர் மூன்றாவதாக எடுக்கப்பட்டார்.