வீட்டுக் கணினியில் ஓவர்கிளாக் செய்வது பலன் தருமா?

"தருமபுரியில் இருக்கிறேன், ஏசி இல்லாத அறை. பிராசஸரை ஓவர்கிளாக் செய்தால் பலன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓவர்கிளாக் என்றால் பிராசஸர் சிப்பை அதற்குக் கம்பெனி வைத்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது. என் பதில்: வேண்டாம்.

ஒரு காலத்தில் இது நிஜமாகவே லாபமான வேலை. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் சிப். மதர்போர்டின் பஸ் (சிப்புக்குத் தகவல் போய்வரும் பாதை) வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றினால் பெரும்பாலும் 450-ல் ஓடும். காசே செலவில்லாமல் ஒன்றரை மடங்கு! இப்போதோ அந்த மிச்ச வேகத்தை, தேவைப்படும்போது தானாக வேகம் கூட்டும் டர்போ பூஸ்ட் மூலம் சிப்பே எடுத்துக்கொள்கிறது. நமக்குக் கிடைப்பது கொசுறுதான்.

அந்தக் கொசுறும் சும்மா வராது. வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் வோல்டேஜையும் கூட்ட வேண்டும். சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு (வோல்டேஜ் × வோல்டேஜ்) ஏற்பவும் ஏறும். இரண்டையும் 10% கூட்டினால் மின்சாரம் சுமார் 33% கூடும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். கூலர் ஊதுவது அறைக் காற்றைத்தானே? மாம்பழ சீசனில் அறை 10 டிகிரி ஏறினால் சிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். கிருஷ்ணகிரியில் நானும் செய்து பார்த்தேன். ஜனவரியில் ஒழுங்காக ஓடியது, ஏப்ரலில் வீடியோ எடிட்டிங் பாதியில் அணைந்துபோனது.

அப்புறம், இன்டெலில் ஓவர்கிளாக் செய்ய, பெயரில் 'கே' எழுத்து உள்ள, வேகத்தைப் பூட்டாத சிப்பும், அதை அனுமதிக்கும் இசட் வகை மதர்போர்டும் வேண்டும். அது தனிச் செலவு.

சரி, கை அரிக்கிறது என்றால் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். வேகம் குறையாமல் சூடு தணியும். விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில்தான் ஓடுகிறதா? முதலில் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) வாங்குங்கள்.