காத்தா (வீடு, மனைக்கு மாநகராட்சி வைத்திருக்கும் சொத்துவரிக் கணக்கு) மாற்றம் பற்றித் தேடினால் ஏஜெண்ட் விளம்பரம்தான் வருகிறது. இணையத்தில் எப்படித்தான் தேடுவது?

"பெங்களூரில் காத்தா மாற்ற என்ன செய்ய வேண்டும்?" என்று முழு வாக்கியமாகக் கேட்டிருப்பீர்கள். அதே வாக்கியத்தைத் தலைப்பாக்கி ஆள் பிடிக்கிறவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். சுற்றறிக்கை எழுதிய குமாஸ்தா என்ன சொல் போட்டிருப்பார் என்று யோசித்து அதைத் தட்டுங்கள்.

இனி வரும் கட்டளைகளை எல்லாம் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். 'காத்தா டிரான்ஸ்ஃபர்' இரண்டு சொல்லையும் சேர்த்து இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். பக்கத்தில் சைட், முக்காற்புள்ளி (:), கவ்.இன்; அரசுத் தளங்களுக்குள் மட்டும் தேடும். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் வேலைக்காகாது; பலரும் சறுக்குவது இங்கேதான். ஆணையின் நகலே வேண்டுமானால் ஃபைல்டைப், முக்காற்புள்ளி, பிடிஎஃப் சேருங்கள். வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி, அதையும் ஒட்டியே.

காத்தாவை 'டிஎச்' போட்டும் எழுதுவார்கள், 'டி' மட்டும் போட்டும் எழுதுவார்கள். ஊர்ப் பெயரும் அப்படித்தான்: 2014 நவம்பரில் அதிகாரபூர்வமாக மாறும்வரை ஆங்கில ஆவணங்களில் பாங்களூர், பிறகு பெங்களூரு. இரண்டுக்கும் நடுவே பெரிய எழுத்தில் 'ஆர்' என்று போட்டால் இரண்டு வடிவமும் சிக்கும். 2025 செப்டம்பரில் பிபிஎம்பி என்ற பழைய பெங்களூரு மாநகராட்சி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. அதனால் ஆஃப்டர், முக்காற்புள்ளி, 2025-09-01 என்றும் தேடிப் பாருங்கள். பழைய கட்டுரைக்குப் புதுத் தேதி ஒட்டி விடுகிறவர்கள் உண்டு, உள்ளே படித்துத்தான் நம்ப வேண்டும்.

"ஏஐயிடம் கேட்டால் முடிந்தது, இதெல்லாம் எதற்கு" என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் வருவார். கேட்கட்டும். பிபிஎம்பி காலத்து விதியை இன்றைய விதி போல அது சொன்னால், கட்டணம் கட்டப்போவது நீங்கள், அவரில்லை.

கன்னட எழுத்திலும் தேடுங்கள், மூல ஆணைகள் அதில்தான் இருக்கும். ஆனால் யூனிகோடில் இல்லாமல் நுடி என்ற பழைய கன்னட எழுத்துருவில் அடித்த கோப்பு தேடலில் அகப்படாது; கூகுளுக்கு அது வெறும் கிறுக்கல். பாமினி எழுத்துருவில் அடித்த நம் தமிழ்க் கோப்புகளுக்கும் இதே கதி. இத்தனை வருஷம் கழித்தும் ஆணையைக் கோணலாக ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்களே, அவர்களை என்ன சொல்ல?

இணைப்பு செத்துப்போயிருந்தால் முகவரியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒட்டிப் பாருங்கள். பக்கத்தின் சேமித்த நகலைக் காட்டும் கூகுளின் கேஷ் வசதி 2024-லேயே போய்விட்டது. ஹெல்ப்லைன் எண்ணை மட்டும் தேடல் முடிவிலிருந்து எடுக்காதீர்கள். போலி எண்கள் மேலேயே கிடக்கும். துறையின் தளத்துக்குள் போய் எடுங்கள். மோசடியில் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.