மரமாக நிற்கும் பையன்

அன்புள்ள அண்ணா,

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வரும் நவம்பர் 16-க்கு, நம் ஆட்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஏற்றி வந்த முதல் கப்பலான ட்ரூரோ டர்பனில் வந்து சேர்ந்த கதையை நாடகமாகப் போடுகிறோம். பதினான்கு பிள்ளைகள். வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்கிறேன். ழகரம் வராத ஒரு பையனை மட்டும் கரையோர மரமாக நிறுத்தியிருக்கிறேன். மைக், உடை பற்றி யோசனை சொல்லுங்கள். சிறுவர் நாடகத்தையே தொழிலாக வைத்துப் பிழைக்க முடியுமா என்றும் சொல்லுங்கள்.

அன்புள்ள தங்கைக்கு,

மைக் வேண்டாம். உடைக்குப் பழைய வேட்டி, புடவை போதும். பிழைப்பு பற்றிக் கேட்டீர்கள். பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் ஒத்திகை, ராத்திரி எழுத்து என்று முப்பத்தைந்து வருடம் ஓட்டினேன். வாடகை கட்டியது பள்ளிக்கூடச் சம்பளம்.

அந்தப் பையனைத் தாண்டி என்னால் கடிதத்தைப் படிக்க முடியவில்லை.

நானும் மரமாக நின்றவன். டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்குக் குடிவந்த புதிது, ஒன்பது வயது. தமிழ் வகுப்பு நாடகத்தில் 'பழம்' சொல்லச் சொன்னார்கள். 'பயம்' என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தலையில் மாவிலை கட்டி ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள். சணல் கயிறு நெற்றியில் அரித்தது. மரம் சொறியாது என்று வாத்தியார் முன்பே மிரட்டியிருந்தார். முன்வரிசையில் என் ஆயா (பாட்டி), வேறு எந்தப் பிள்ளையையும் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் 'பயம்' சொல்லிக் கொடுத்ததே அதுதான். வாயப்பயம், மய, கெயங்கு என்று ஆற்காட்டுப் பக்கத்துப் பேச்சு. கரும்புத் தோட்டத்துக்கு வந்த தன் தாய் தகப்பனிடம் கேட்ட பேச்சு.

நீங்கள் செய்தது தப்பு, தங்கச்சி. 1860-இல் ட்ரூரோவில் வந்த 342 பேரையும் மதராஸில் ழகரம் சொல்லச் சொல்லியா ஏற்றினார்கள்? அவர்களைப் பற்றிய நாடகத்தில் ஒரு பிள்ளையின் வாயை அதற்காக அடைக்கலாமா? அவன் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? டர்பனில் மேகசின் பாரக்ஸ் என்ற குடியிருப்பில் மாநகராட்சித் தொழிலாளிகள் விடிய விடியத் தெருக்கூத்து ஆடியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்போம். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் எங்கள் வீட்டுப் பேச்சையேதான் பேசுவார். திரௌபதி துகிலுரிதலில் அழாத பெண்கள் இல்லை.

அந்த ஆங்கில எழுத்துத் தாளையும் கிழித்துப் போடுங்கள். தாள் கையில் இருக்கும்வரை பிள்ளை அதைத்தான் பார்க்கும், எதிரில் நிற்பவனைப் பார்க்காது. மனப்பாடம் செய்தபிறகோ, கண் கூரையில் இருக்கும்.

என்னிடம் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். வசனம் 'தண்ணீர் கொடு'. பத்துத் தடவை சொன்னாள், பத்தும் கிளிப்பேச்சு. தாளை வாங்கி வைத்துவிட்டேன். தண்ணீர்ச் சொம்பை ஒரு பையனிடம் கொடுத்து, 'இவளுக்கு நிஜமாகவே தாகம் என்று தோன்றினால் மட்டும் கொடு' என்றேன். ஜனவரி வெயில். அவள் கேட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். மறுபடி கேட்டாள், நிற்கவில்லை. மூன்றாவது தடவை, 'டேய், நில்லுடா! தண்ணி குட்றா!' என்று கத்திக்கொண்டே இரண்டு கையையும் நீட்டி ஓடினாள். யாரும் எழுதிக் கொடுக்காத வசனம். அவள் வீட்டில் தமிழ் பேசுவதில்லை என்று அவள் அம்மா சத்தியம் செய்திருந்தார். ஆனால் பாட்டி உண்டு. பேரன்களை அதட்டும்போது பாட்டிக்கு ஆங்கிலம் வராது.

அந்தத் தமிழை வைத்து நாடகம் எழுதுங்கள். கப்பலிலிருந்து இறங்குகிறவனுக்கு என்ன வேண்டும்? தண்ணீர் வேண்டும், கூட வந்த தம்பி எங்கே என்று தெரியவேண்டும். அதை அந்தப் பையன் கேட்கட்டும், அவனுக்கு வருகிற வார்த்தையில். திக்கினால் மறைவிலிருந்து நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். காத்திருங்கள், சபையும் காத்திருக்கும்.

ஒத்திகை எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள், வருகிறேன். கடிதத்தில் அவன் பெயர் இல்லை. அதையும் எழுதுங்கள்.